வெட்டுகிறதா, இரைகிறதா, தள்ளிப்போகிறதா? பழைய லேப்டாப்பில் வீட்டு ரெக்கார்டிங் செய்கிறவர்களுக்கு

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். வாங்கும்போது 4 ஜி.பி. ராம், சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைக்கலாம், அப்போதும் அது முழுசாக எழுந்திருக்காது. வீடு தர்மபுரியிலிருந்து தொப்பூர் போகிற பக்கம், ஹைவேயிலிருந்து கூப்பிடு தூரம், மேலே பாதி காங்கிரீட், பாதி ஷீட். இதை வைத்துக்கொண்டுதான் கூத்துப் பாட்டு, பம்பை, ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதை என்று பதிவு செய்துகொண்டிருக்கிறேன். பட்ட அடியெல்லாம் கீழே இருக்கிறது. உங்கள் கோளாறு எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதலில் போன் சோதனை

எந்தக் கோளாறு வந்தாலும் லேப்டாப்பைத் திட்டுவதுதான் நம் வழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். பாதிக்குப் பாதி நேரம் அது பாவம், ஒன்றும் செய்திருக்காது. அதனால் இப்படிச் செய்யுங்கள்: மைக்குக்குப் பக்கத்தில், அதே தூரத்தில், உங்கள் போனை ஃபிளைட் மோடில் வைத்து அதன் ரெக்கார்டரையும் ஓடவிடுங்கள். இரண்டிலும் சேர்த்து ஒரு நிமிடம் பேசுங்கள் அல்லது பாடுங்கள். பிறகு இரண்டையும் ஒரே ஹெட்போனில் கேளுங்கள்.

போனிலும் அதே கோளாறு கேட்டால் அது அறையில் இருக்கிறது, அல்லது நீங்கள் நிற்கும் விதத்தில் இருக்கிறது. போனில் சுத்தமாக வந்து கம்ப்யூட்டரில் மட்டும் கேட்டால் வயர், கரண்ட், டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள்), லேப்டாப் ஆகியவற்றில் ஒன்று. ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்: பல போன்கள் ஃபேன் இரைச்சலைத் தாங்களாகவே அமுக்கிவிடும். அதனால் மெல்லிய இரைச்சலுக்கு இந்தச் சோதனையை முழுசாக நம்ப வேண்டாம். எதிரொலிக்கும் வெட்டலுக்கும் தாராளமாக நம்பலாம்.

‘டக்… டக்…’ என்று நடுவே வெட்டுகிறது

முதலில் வெட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதே இடத்தை மூன்று முறை போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ‘டக்’ வந்தால் அது பதிவிலேயே விழுந்துவிட்டது. மறுபடி பாட வேண்டியதுதான். இடம் மாறி மாறி வந்தால் பதிவு நன்றாகவே இருக்கிறது, ஒலிக்கும்போது கம்ப்யூட்டர் திணறுகிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் நல்ல டேக் ஒன்றை நான் அழித்திருக்கிறேன்.

பதிவில் விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் பஃபர். சத்தத்தைக் கம்ப்யூட்டர் சொட்டுச் சொட்டாக வாங்குவதில்லை, குடம் குடமாக வாங்குகிறது. குடத்தின் அளவுதான் பஃபர். குடம் சின்னதாக இருந்தால் அடிக்கடி மாற்ற வேண்டும். வேறு வேலையில் இருக்கும்போது மாற்றத் தவறினால் தண்ணீர் வழிந்துவிடும், அந்த இடத்தில் ‘டக்’. பஃபர் 128 என்று இருந்தால் 512 ஆக்குங்கள். அப்போதும் வந்தால் 1024.

அதற்கும் மசியவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். விண்டோஸின் பவர் ஆப்ஷனில் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ போடுங்கள். அதற்குள்ளேயே யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று அது சவுண்ட் கார்டைத் தூங்கவைத்துவிடும். இண்டர்ஃபேஸை, அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற வெளிச் சவுண்ட் கார்டுப் பெட்டியை, யூ.எஸ்.பி. ஹப்பில் குத்தாமல் லேப்டாப்பில் நேராகக் குத்துங்கள். பிரவுசரை மூடுங்கள். ரெக்கார்டிங் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் தோண்டாமல் விலக்கி வையுங்கள். கடைசியாக வைஃபை. சும்மா நெட்டைத் துண்டித்தால் போதாது, டிவைஸ் மேனேஜரில் போய் வைஃபை அடாப்டரையே டிசேபிள் செய்யுங்கள். பிராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யாதபோதும் வெட்டு விழுகிறதென்றால், ஏதோ ஒரு டிரைவர் வரிசையை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். லேட்டன்சிமான் என்கிற இலவச மென்பொருளை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும். என் லேப்டாப்பில் அது வைஃபைதான்.

சித்திரை, வைகாசியில் மட்டும் வெட்டுகிறதா? அப்படியானால் சூடு. ஷீட்டுக்கு அடியில் மத்தியானம் உட்கார்ந்தால் நமக்கே மயக்கம் வரும், பிராசஸர் என்ன செய்யும்? சூடு எல்லை தாண்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடியில் உள்ள மூடியைக் கழற்றி ஃபேனில் அடைத்திருக்கும் தூசியை எடுங்கள். என்னுடையதில் சின்னப் பஞ்சுத் தலையணைக்கு ஆகிற அளவுக்கு இருந்தது. பிரஷ்ஷால் தட்டும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட வேண்டாம்.

பாடுவது காதில் பிந்தி வருகிறது

பஃபரை ஏற்றினீர்கள் அல்லவா, அதற்கான கூலி இது. கணக்கு எளிது: பஃபர் எண்ணை சாம்பிள் ரேட்டால் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்) வகுத்தால் தாமதம் வந்துவிடும். 44,100 ஹெர்ட்ஸில் 128 என்றால் 2.9 மில்லிசெகண்ட், 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. இது ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும். உள்ளே போய் வெளியே வர இரண்டு மடங்குக்கு மேலேயே ஆகும். காற்றில் சத்தம் ஓர் அடி தாண்ட ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் எடுக்கிறது. ஆக 512-இல் பாடுகிறவருக்குத் தன் குரல் இருபத்தைந்து அடி தள்ளி நிற்கிற வேறு யாரோ பாடுவதுபோல வரும். கூத்து மேடையில் பின்பாட்டுக்காரர்கள் ஏன் பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருகிறார்கள் என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் யோசித்தேன்.

நல்ல வழி, உங்கள் குரலைக் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்காமலே இருப்பது. யூ.எஸ்.பி. இண்டர்ஃபேஸ் வைத்திருந்தால் அதில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பட்டனோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் மைக் சத்தம் லேப்டாப்புக்குப் போகாமல் நேராக ஹெட்போனுக்கு வரும். மென்பொருளில் இன்புட் மானிட்டரை (பாடுவதை அப்போதே திருப்பிக் கேட்கவைப்பது) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு குரல் கேட்கும். இப்போது பஃபர் 1024 இருந்தால்கூட கவலையில்லை. வேகம் குறைந்த கம்ப்யூட்டர்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

இண்டர்ஃபேஸ் இல்லையா? ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு மறு காதில் உங்கள் சொந்தக் குரலைக் கேளுங்கள். மைக் மானிட்டர் தேவையே இல்லை. எத்தனையோ பேர் இப்படித்தான் பாடுகிறார்கள்.

புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். அது தானாகவே நூறு மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தும். போதாததற்கு, அதன் மைக்கை எடுத்துக்கொண்ட நொடியில் ஒலி பழைய லேண்ட்லைன் போன் தரத்துக்கு இறங்கிவிடும். வயர் உள்ள சாதாரண இயர்போன் போதும்.

ஏசியோ டிரைவர், அதாவது தாமதத்தைக் குறைக்கிற ஒலி டிரைவர் வகை, பற்றி ஒரு சொல். ரீப்பர் போன்ற மென்பொருளில் சவுண்ட் கார்டின் சொந்த ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். சொந்த டிரைவர் இல்லாத மலிவான கார்டுகளுக்கும் லேப்டாப்பின் உள் கார்டுக்கும் ‘ஏசியோ4ஆல்’ இலவசமாகக் கிடைக்கிறது. ஆடாசிட்டி என்கிற இலவச ரெக்கார்டிங் மென்பொருளில் ‘ஆடியோ ஹோஸ்ட்’ எம்.எம்.இ. என்று இருந்தால் வசாபிக்கு மாற்றிப் பாருங்கள்.

பாடும்போது சரி, போட்டுக் கேட்டால் தாளத்துக்குப் பின்னால் நிற்கிறது

இது மேலே சொன்னதன் தம்பி. தாளத்தைக் கேட்டுக்கொண்டே சரியாகத்தான் பாடியிருப்பீர்கள், ஆனால் புது ட்ராக் தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கும். ‘எனக்குத் தாளம் நிற்கவில்லையோ’ என்று வித்துவான்களே சந்தேகப்பட்டுவிடுவார்கள். ஆடாசிட்டியின் ஆடியோ செட்டிங்ஸில் லேட்டன்சி காம்பென்சேஷன் என்று ஒரு பெட்டி, அதில் ஏற்கெனவே மைனஸ் 130 மில்லிசெகண்ட் என்று இருக்கும். அது பொத்தாம்பொதுவான எண், உங்கள் கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை அல்ல. அதைப் பூஜ்யமாக்குங்கள். மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டுகிற) ட்ராக் ஒன்றை உருவாக்கி, ஹெட்போனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டிப் பிடித்து, அதை ஒலிக்கவிட்டபடியே புது ட்ராக்கில் பதியுங்கள். இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கி, தட்டுக்கும் தட்டுக்கும் இடையே எத்தனை மில்லிசெகண்ட் என்று அளந்து, அந்த எண்ணை மைனஸ் போட்டு எழுதுங்கள். பஃபரை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

‘உம்ம்ம்…’ என்று அடியில் ஓர் இரைச்சல்

மைக் முன்னால் யாரும் இல்லாதபோதும் வருகிறதா? சரி, சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் விஷயம் பாதி முடிந்தது. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் 100, 150 என்கிற மடங்குகளும் சேர்ந்து உள்ளே வருகின்றன. சார்ஜர் மாட்டியிருக்கும்போது லேப்டாப்பின் உலோக ஓரத்தில் புறங்கையை வைத்து மெல்ல நகர்த்தினால் சுர்ரென்று மணல்போல உராய்கிறதா? அப்படியானால் எர்த் சரியில்லை.

என் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க ஒரு கோடை முழுக்க ஆனது. மைக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், நண்பனின் இண்டர்ஃபேஸை வாங்கிவந்து போட்டேன். மழைக்காலத்தில் இல்லாத இரைச்சல் பங்குனி பிறந்ததும் வருகிறது. ஃபேன் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் லேப்டாப் பக்கமே வரவில்லை. நேராக வீட்டுக்குப் பின்னால் போய், மீட்டரிலிருந்து இறங்குகிற எர்த் கம்பி மண்ணில் எங்கே போகிறது என்று பார்த்தார். “தம்பி, இதுக்கு கடைசியா எப்ப தண்ணி ஊத்துனீங்க?” என்றார். எர்த்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. மண் காய்ந்துபோனால் எர்த் தன் வேலையைச் செய்யாது, நம் ஊர் மண்ணோ மாசியிலேயே வெடித்துக் கிடக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். துருப்பிடித்திருந்த கம்பி முடிச்சைச் சுரண்டி மறுபடி இறுக்கினார். உள்ளே வந்து கேட்டேன், இரைச்சல் கால்வாசிதான் மிச்சம். இப்போது கோடையில் வாரம் ஒருமுறை செம்பருத்திக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம்.

சிலர் சார்ஜரின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு ‘இரைச்சல் போய்விட்டது’ என்பார்கள். செய்யாதீர்கள். அது உயிரைக் காப்பதற்கான பின். பாட்டு அப்புறம்.

அவசரத்துக்குப் பேட்டரியில் ஓட்டிப் பதியலாம். ஆனால் ஒரு சிக்கல்: பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் வேகத்தைக் குறைத்துவிடும், போன ‘டக் டக்’ திரும்பி வரும். பவர் ஆப்ஷனில் பேட்டரிக்கும் ஹை பெர்ஃபார்மன்ஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘கிர்ர்’ என்று கேட்டால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் குணம். அந்த நேரம் சார்ஜரைக் கழற்றுவது தவிர வழியில்லை.

கிணற்றுக்குள் பேசுவதுபோல் இருக்கிறது

போன் சோதனையில் போனிலும் அப்படியே கேட்டிருக்குமே? அப்போது இது அறை. வெறுஞ்சுவர், டைல்ஸ் தரை, காங்கிரீட் மேல்தளம், மூன்றும் சேர்ந்தால் சத்தம் பந்துபோல எகிறிக்கொண்டே இருக்கும். எந்த மென்பொருளாலும் இதை முழுசாக எடுக்க முடியாது.

முதல் மருந்து தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளியைப் பாதியாக்கினால் உங்கள் குரல் 6 டெசிபல் ஏறும். அறையின் எதிரொலி அப்படியேதான் இருக்கும். ஆக, கெயினை (மைக் சத்தத்தை ஏற்றுகிற அளவு) குறைத்தால் எதிரொலி தானாக இறங்கிவிடும். ஒரு சாண் தூரம் நல்லது.

இரண்டாவது மருந்து மெத்தை. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரைத்தான் முதலில் மூட வேண்டும், ஏனென்றால் மைக் பார்ப்பது அந்தப் பக்கம். எங்கள் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிறுத்துகிறேன், பக்கவாட்டில் கொடிக்கயிறு கட்டி இரண்டு ஜமுக்காளத்தை மடித்துப் போடுகிறேன். மெல்லிய சேலையைத் தொங்கவிட்டால் கூரான சத்தம் மட்டும் அடங்கி, குரல் அமுங்கிப்போய்க் கேட்கும். தடிமன்தான் முக்கியம். முட்டை அட்டை ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நாமக்கல்லுக்கே அனுப்பிவிடுங்கள். அது முட்டைக்குத்தான் நல்லது.

அறையின் சத்தத்தையும் சேர்த்து வாங்கும் கண்டென்சர் மைக்கைவிட மேடையில் கையில் பிடிக்கிற சாதாரண டைனமிக் மைக் நம் மாதிரி வீடுகளுக்குப் பொருத்தம். பக்கத்தில் இருப்பதை மட்டும் வாங்கும், அடுப்படிக் குக்கரை அவ்வளவாக வாங்காது.

பம்பை அடித்தால் சத்தம் உடைகிறது

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி மலைபோல இருந்தால் நல்லது. கத்தியால் சீவின மாதிரி தட்டையாக இருந்தால் உடைந்துவிட்டது, அதைத் திரும்ப ஒட்ட முடியாது. இப்போது அந்தத் தட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மேல்கோட்டில், அதாவது 0 டெசிபலில் முட்டி நின்றால் கெயின் திருகைக் குறைத்தால் போதும். பாதி உயரத்திலேயே தட்டையாக இருந்தால் மென்பொருளில் என்ன குறைத்தாலும் பயனில்லை. சத்தம் கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்பே உடைந்திருக்கிறது. மைக்கை ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள், தோலுக்கு நேராகக் காட்டாமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். லேப்டாப்பின் உள் கார்டில் குத்தியிருந்தால் மைக்ரோபோன் பூஸ்ட்டைப் பூஜ்யமாக்குங்கள்.

உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் நிற்கட்டும். 24 பிட்டில் பதிந்தால் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டியதில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஒன்று, சோதனைக்கு ‘கொஞ்சம் அடிங்க’ என்றால் எல்லாரும் மெதுவாகத்தான் அடிப்பார்கள். பாட்டு சூடேறினதும் கை தானாக ஏறும். அதனால் சோதனையில் வந்ததைவிட இன்னும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

ஒரு காதில் மட்டும் கேட்கிறது: ஒரு மைக்கை ஸ்டீரியோ ட்ராக்கில் பதிந்திருக்கிறீர்கள். மோனோவாக மாற்றுங்கள்.

குரல் இழுத்துக்கொண்டு தடிமனாகக் கேட்கிறது: 48,000-இல் பதிந்தது 44,100-இல் ஓடுகிறது. விண்டோஸ், மென்பொருள் இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள். சிப்மங்க் மாதிரிக் கீச்சென்று கேட்டால் அதுவே தலைகீழாக நடந்திருக்கிறது.

மைக்கே எடுக்கவில்லை: போன் ஹெட்செட்டின் பின்னில் மூன்று கருப்பு வளையம் இருக்கும். அதை டெஸ்க்டாப்பின் பிங்க் நிற ஓட்டையில் குத்தினால் மைக் எடுக்காது. இரண்டாகப் பிரிக்கிற சின்ன ஸ்பிளிட்டர் வயர் வேண்டும். பின் சரியாக இருந்தால் விண்டோஸின் பிரைவசியில் மைக்ரோபோன் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்டென்சர் மைக்காக இருந்தால் 48 வோல்ட் பேண்டம் பவர் கேட்கும், லேப்டாப் ஓட்டையில் வருவது சில வோல்ட்தான்.

‘ப’ வரும் இடமெல்லாம் ‘புஸ்’ என்று காற்று அடிக்கிறது: எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்து மாட்டி மைக்குக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்துங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் ஓரமாகத் திருப்பினாலே பாதி குறையும்.

பேச்சு தானாக ஏறி இறங்குகிறது: விண்டோஸின் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை அணையுங்கள்.

ட்ராக் ஏற ஏற கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது

ஆறு ட்ராக்குக்கு ஆறு ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போட்டிருப்பீர்கள். ஒரே ஒரு ரிவெர்ப் ட்ராக் வைத்து எல்லாவற்றையும் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். முடிந்த ட்ராக்குகளை ரீப்பரில் ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். எஃபெக்ட் எல்லாம் அதிலேயே எழுதப்பட்டுவிடும், பிராசஸருக்கு வேலை இருக்காது. மாற்ற நினைத்தால் திரும்ப அவிழ்த்துக்கொள்ளலாம். மிக்ஸ் செய்யும்போது பஃபர் 1024 இருக்கட்டும்.

கையில் கொஞ்சம் பணம் வந்தால் எதை வாங்குவது என்று கேட்கிறவர்களுக்கு: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள், அப்புறம் ராமை 8 ஜி.பி. ஆக்குங்கள். என் டீ டம்ளர் கதை எஸ்.எஸ்.டி. போட்ட அன்றோடு முடிந்தது. பெங்களூரு பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே கம்ப்யூட்டர் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு போய் வரலாம், ஆனால் ராம் டி.டி.ஆர்.3-ஆ 4-ஆ என்று லேப்டாப்பைத் திறந்து பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். கழற்றிய டிஸ்க்கை யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டால் பேக்கப்புக்கு ஆச்சு. இண்டர்ஃபேஸ் அதற்குப் பிறகு. அதைவிட விலையான மைக் எல்லாம் அறையைச் சரிசெய்யாமல் வாங்கினால் வீண், எதிரொலி இன்னும் தெளிவாகக் கேட்கும்.

லாரி

இதற்கு மருந்தில்லை. மெத்தையும் ஜமுக்காளமும் உள்ளே எகிறுவதை உறிஞ்சும், வெளியே இருந்து வருவதைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற ஹை பாஸ் ஃபில்டர் போட்டால் உறுமல் குறையும், ஹாரன் போகாது. ராத்திரி அமைதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், எங்கள் ரோட்டில் ராத்திரிதான் லாரி அதிகம். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதிகிறேன்.

பாதியில் நின்றுவிட்டது

டிஸ்க்கில் இடம் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்.பி. பென் டிரைவில் நேராகப் பதியாதீர்கள், அதன் எழுதும் வேகம் திடீரென்று விழும்.

இதற்கு மேல் நம்பிக்கை இல்லை என்றால் சோதனைக்கு வைத்தீர்களே அந்தப் போன், அதை எடுத்துவிடாதீர்கள். ஃபிளைட் மோடிலேயே, முடிந்தால் வேவ் கோப்பாக, அதுவும் ஓடட்டும். என் லேப்டாப் ஒரு நாள் படுகளக் கட்டம் பாடும்போது அணைந்துபோய், போனில் இருந்ததுதான் மிஞ்சியது. இரண்டையும் பிறகு சேர்க்க, தொடக்கத்தில் ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். அந்த முனையை வைத்துப் பொருத்தலாம். இரண்டு கருவிகளின் கடிகாரமும் அச்சு அசலாக ஒன்றாக ஓடாது. அரை மணி நேரம் போனால் மெல்ல விலகும், அதனால் முடியும்போதும் ஒரு தட்டு வேண்டும். எங்கள் கூத்து வாத்தியாரிடம் “கை தட்டுங்க வாத்தியாரே” என்றால் அவர் கையைத் தட்ட மாட்டார், ஜால்ராவை எடுத்து ஒரு போடு போடுவார். அது இன்னும் நல்லது. அலைவடிவத்தில் ஊசிபோல நிற்கிறது.